முத்தப் படத்துக்குத் தடை! மேஜை மேல் இருந்த பைபிளுக்கு வழக்கு!

அமெரிக்க மாஜி சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் சுவருக்கும் மேஜைக்கும் சண்டை

நடுத்தெரு. சுற்றிலும் ஜனக்கூட்டம். ஒரு கடற்படைச் சிப்பாய் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தியை வளைத்துப் பிடித்து முத்தம் கொடுக்கிறான்.

இந்தப் படத்தை எங்காவது ஒரு காலண்டரிலோ பத்திரிகையிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பான் சரண் அடைந்தது, யுத்தம் முடிந்தது என்று சேதி வந்த அன்று, 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி நியூயார்க் நகரில் எடுத்த படம். எடுத்தவர் "லைப்" பத்திரிகையின் போட்டோகிராபர் ஆல்பிரட் ஐசன்ஸ்டாட்.

"இதைச் சுவரில் மாட்டக்கூடாது. மாட்டி இருந்தால் கழற்று" என்கிற கருத்தில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி ஒரு உத்தரவு கிளம்பியது. போட்டவர் அமெரிக்க மாஜி சிப்பாய்கள் நல இலாகாவின் உயர் அதிகாரி ஒருவர். சிப்பாய்கள் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் உத்தரவு.

மார்ச் 5-ந் தேதி உத்தரவின் நகல் வெளியே வந்துவிட்டது. ஊரெல்லாம் கூச்சல். அன்றைக்கே இலாகா மந்திரி டெனிஸ் மெக்டோனா, படத்துக்குத் தடை எதுவும் கிடையாது என்று அறிவித்தார். உத்தரவு குப்பைக்கூடைக்குப் போச்சு. படம் சுவரிலேயே நின்றது.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் உத்தரவு போட்ட அதிகாரி சொன்ன காரணத்தையும் கேளுங்கள். அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கொடுத்த முத்தம் அது என்பதுதான் காரணம். அது பொய்யும் இல்லை. அந்தப் பெண் நர்சு அல்ல, பல் டாக்டரிடம் வேலை பார்த்தவர். முத்தம் தன் விருப்பம் அல்ல, அந்த ஆள் வந்து பிடித்துக்கொண்டான் என்று வயதான காலத்தில் அவரே சொல்லி இருக்கிறார்.

பட்டாளத்தில் இருந்தபோது பலாத்காரத்துக்கோ பாலியல் தொல்லைக்கோ ஆளானது உண்டா என்று அந்த ஆஸ்பத்திரிகளில் கேட்பது வழக்கம். மூன்று பெண்களுக்கு ஒருவர் "ஆமாம்" என்கிறார். அப்படி ஒரு பெண் சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருக்கும்போது, எதிர்ச் சுவரில் அந்தப் படம். அவருக்கு எப்படி இருக்கும்?

பக்கத்து நாற்காலியில் இருக்கும் கிழவருக்கோ அதே படம் யுத்தம் முடிந்த சந்தோஷம். உயிரோடு வீடு திரும்பிய நாள்.

ஒரே சுவர், ஒரே படம். தகராறு எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் இந்த இலாகா?

அமெரிக்காவில் பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு வைத்தியம், பென்ஷன், சுடுகாட்டில் இடம் வரை கவனிப்பது இந்த இலாகா. ஆஸ்பத்திரிகள் மட்டும் சுமார் 170. ஊழியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வைத்தியத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள் சுமார் 90 லட்சம் பேர்.

வெள்ளைக்காரர், கறுப்பர், கிறிஸ்தவர், யூதர், சாமியே இல்லை என்பவர், டிரம்ப் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும். கால் போனவருக்கு வேறு ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எப்போதும் முடிவதில்லை.

யாரும் உட்காராத நாற்காலி

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மான்செஸ்டர் நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரியின் வாசல் பக்கம் ஒரு சிறிய வட்ட மேஜை போட்டிருந்தார்கள்.

யுத்தத்தில் கைதியாகப் பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஞாபகமாகப் போடும் மேஜை இது. வியட்நாம் யுத்த காலத்தில் வந்த பழக்கம். வெள்ளை விரிப்பு. ஒற்றைச் சிவப்பு ரோஜா. தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, அது அவர்கள் விதியின் கசப்புக்கு. ஒரு சிட்டிகை உப்பு, அது குடும்பத்தாரின் கண்ணீருக்கு. கவிழ்த்து வைத்த கிளாஸ். யாரும் உட்காராத ஒரு நாற்காலி.

இவற்றோடு ஒரு பைபிள்.

அது கடையில் வாங்கிய பைபிள் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பகைவர்களிடம் கைதியாக இருந்த ஒரு கிழச் சிப்பாய் கொடுத்தது.

2019 ஜனவரியில் சில நோயாளிகள், ராணுவத்தினரின் மத சுதந்திரத்துக்காக வாதாடும் ஒரு சங்கத்திடம் முறையிட்டார்கள். "காணாமல் போனவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா? யூதன் காணாமல் போகவில்லையா? நாஸ்திகன் காணாமல் போகவில்லையா?" என்பது அவர்கள் கட்சி. ஆஸ்பத்திரிக்காரர்கள் பைபிளை எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததும் எதிர்ப்பக்கம் கொதித்தது. மறுபடி பைபிள் மேஜைக்கு வந்தது. இந்தத் தடவை கண்ணாடிப் பெட்டிக்குள்!

அந்த ஆண்டு மே மாதம் விமானப்படையில் இருந்த மாஜி சிப்பாய் ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவர் நாஸ்திகர் அல்ல. ஜெபம் தவறாத கிறிஸ்தவர். தன் வேதத்தைச் சர்க்கார் மேஜையில் வைக்காதே என்று வேதத்தை நம்புகிறவரே கேட்டார். இந்த வழக்கில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

ஜூன் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முதல் உலக யுத்தத்தில் இறந்த 49 பேருக்காக மேரிலாந்து மாநிலத்தில் சர்க்கார் நிலத்தில் நிற்கும் 40 அடி சிலுவை அப்படியே நிற்கலாம் என்றது. 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம்.

அந்தச் சூட்டோடு ஜூலை 3-ந் தேதி இலாகா மந்திரி ராபர்ட் வில்கி புதிய விதிகளை வெளியிட்டார். பொருத்தமான இடங்களில் மதச் சின்னம் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஆகஸ்டு மாதம் துணை ஜனாதிபதி மைக் பென்சு, இண்டியானாபொலிஸ் நகரில் மாஜி சிப்பாய்கள் மாநாட்டு மேடையில் ஏறி, பைபிள் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று அடித்துப் பேசினார். கோர்ட்டில் வழக்கு நடக்கிறபோதே!

பைபிள் கொடுத்த கிழவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கைதி முகாமை அனுபவித்தவருக்கு எது துணையோ அதைக் கொடுத்தார். அவர் சொந்த மேஜையில் வைத்திருந்தால் கேட்பார் இல்லை. சர்க்கார் மேஜை என்றதும் கதை மாறிவிடுகிறது.

அதிகாரி அறையில் குதிரை வீரன்

2018 அக்டோபர். தலைநகர் வாஷிங்டன். அதே இலாகாவின் வேறொரு ஆபீஸ். மாஜி சிப்பாய்கள் நடத்தும் சிறு கம்பெனிகளுக்குச் சர்க்கார் காண்டிராக்ட் கிடைக்க உதவி செய்யும் பிரிவு.

ஒரு உயர் அதிகாரி தன் அறைச் சுவரில் அழகான ஓவியம் ஒன்றை மாட்டி இருந்தார். குதிரை மேல் ஒரு தளபதி.

தளபதி யார்? நேதன் பெட்போர்டு பாரஸ்ட். உள்நாட்டு யுத்தத்தில் தென்மாநிலங்கள் பக்கம் சண்டை போட்டவர். அதற்கு முன்பு அடிமை வியாபாரி. 1864-ல் அவர் படை பில்லோ கோட்டையைப் பிடித்தபோது, சரண் அடைந்த கறுப்புச் சிப்பாய்களை வெட்டிக் கொன்றது. யுத்தம் முடிந்த பிறகு கறுப்பர்களைக் கொளுத்திக் கொன்ற "கூ கிளக்ஸ் கிளான்" கூட்டத்துக்கு முதல் பெரிய தலைவரும் அவரேதான்.

அந்த அதிகாரியின் கீழ் வேலை பார்த்த மானேஜர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்! தினமும் கையெழுத்து வாங்க அந்த அறைக்குள் போய், அந்தப் படத்துக்கு எதிரே நிற்கவேண்டும்.

பத்திரிகை நிருபர் போய்க் கேட்டபிறகுதான் படம் சுவரை விட்டு இறங்கியது. அவர் கிளான் தலைவர் என்பது எனக்குத் தெரியாது, படம் நன்றாக இருந்தது, வாங்கினேன், மாட்டினேன் என்பதுதான் அதிகாரியின் பதில்.

தெரியாமலே மாட்டி இருக்கட்டும். எதிரே நின்றவர்களுக்குத் தெரியுமே!

கைக்குட்டை அளவுக் கொடி

தேசியக் கொடியை மாட்டியதற்காகவே கோர்ட்டு ஏறியவரும் உண்டு.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் இந்த இலாகாவுக்குப் பெரிய நிலம் இருக்கிறது. ஊனமுற்ற சிப்பாய்கள் தங்கும் இல்லத்துக்காக 1888-ல் தானமாகக் கொடுத்த நிலம். பிற்காலத்தில் அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்துக்கும் குத்தகைக்கு விட்டார்கள். வீடில்லாத சிப்பாய்கள் பிளாட்பாரத்தில் கிடந்தார்கள்.

இதை எதிர்த்து ஒரு மாஜி சிப்பாயும் அவர் நண்பர்களும் 2008 முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலி ஓரம் கூடினார்கள். வேலியில் தேசியக் கொடியைக் கட்டினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2009-ல் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். ஆபத்தில் இருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். உடனே இலாகா போலீசார் வந்தார்கள். சார்ஜ் எழுதினார்கள்.

நேராகக் கட்டினால் விட்டுவிடுவது, தலைகீழாகக் கட்டினால் பிடிப்பது என்றால் அது கருத்தைப் பார்த்துப் பாரபட்சம் காட்டுவது என்று 2011-ல் நீதிபதி சொன்னார்.

அதோடு முடிந்ததா? 2016-ல் வேலியில் கைக்குட்டை அளவுள்ள இரண்டு சின்னக் கொடிகள் இருந்தன என்று அதே மனிதர் மேல் மறுபடி வழக்கு. 2017 ஏப்ரலில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அப்போது அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. இரண்டு கைக்குட்டைக்கு வக்கீல், சாட்சி, விசாரணை எல்லாம் நடந்தது!

ஜனாதிபதி படம் எங்கே?

புளோரிடா மாநிலத்து வெஸ்ட் பாம் பீச் ஆஸ்பத்திரியில் தலைகீழ் விவகாரம். அங்கே படம் இல்லை என்று சண்டை.

டிரம்ப் பதவிக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் அவர் படம் மாட்டவில்லை. 2017 செப்டம்பரில் அந்தப் பகுதிப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரையன் மாஸ்ட், தானே படத்தைக் கொண்டுபோய் மாட்டினார். ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இரண்டு காலையும் இழந்த மாஜி சிப்பாய் அவர். மாட்டிய படத்தைக் கழற்றிவிட்டார்கள். சர்க்கார் அச்சகத்திலிருந்து முறைப்படி படம் வரவில்லை என்பது ஆபீஸ் பதில். அக்டோபர் கடைசியில் அச்சகம் படத்தை வெளியிட்டது. விவகாரம் தீர்ந்தது.

வானவில் கொடி

2025 பிப்ரவரியில் டக் காலின்ஸ் இலாகா மந்திரியாகப் பதவி ஏற்றார். முதல் வாரத்திலேயே கொடி உத்தரவு. தேசியக் கொடி, மாநிலக் கொடிகள், படைகளின் கொடிகள், இலாகாக் கொடி, ஆதிகுடிகளின் கொடிகள், கைதிகள்-காணாமல் போனவர்கள் ஞாபகக் கொடி என்று ஒரு ஜாபிதா. ஜாபிதாவில் இருந்தால் பறக்கலாம். இல்லாவிட்டால் இறக்கு. பலதரப்பட்ட ஊழியர்கள் இருக்கும் இடத்தில் ஒரே மாதிரி விதி வேண்டும் என்பது மந்திரியின் விளக்கம்.

உத்தரவில் வானவில் கொடி என்ற பேச்சே இல்லை. ஆனால் போனது அதுதான்.

2020 ஜூலையில் ராணுவ மந்திரி மார்க் எஸ்பர் ராணுவ முகாம்களுக்கு இதே போல் ஒரு ஜாபிதா போட்டார். அதிலும் எதையும் தடை செய்வதாக எழுதவில்லை. அந்தத் தடவை போனது தென்மாநிலக் கலகக் கொடி. பெயர் சொல்லாமல் இறக்க அதிகாரிகள் கண்டுபிடித்த வழி!

வானவில் கொடி எதற்கு ஆஸ்பத்திரியில் என்று கேட்பவர்கள் உண்டு. என் தோழன் மேல் போர்த்திய கொடி ஒன்று போதும் என்று ஒரு கிழவர் சொன்னால், அவர் வாயை அடைக்க நான் யார்? ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓரினச் சேர்க்கையாளர் என்ற ஒரே காரணத்துக்காக 1994 முதல் 2011 வரை அமெரிக்கப் படையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். அப்படித் துரத்தப்பட்டவர் சர்க்கார் கட்டிடத்துக்குள் நுழையவே தயங்குவார். கவுண்ட்டரில் ஒரு சின்னக் கொடி, உன்னை இங்கே துரத்தமாட்டார்கள் என்று அவருக்குச் சொன்னது.

ஜாபிதாவில் இடம் பிடித்த கறுப்பு வெள்ளை ஞாபகக் கொடிகூட சர்க்கார் தயாரித்தது அல்ல. வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன ஒரு விமானியின் மனைவி, கணவனை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டு அலைந்து உருவானது. தனி மனுஷியின் சொந்த துக்கம். முக்கியமான சர்க்கார் கட்டிடங்களில் தேசியக் கொடி பறக்கிற நாளெல்லாம் அதுவும் பறக்கவேண்டும் என்று 2019-ல் சட்டமே வந்துவிட்டது.

தொப்பி போடலாமா?

கட்சிச் சின்னத்துக்கு மட்டும் பழைய சட்டம் உண்டு. 1939-ல் வந்த "ஹாட்ச்" சட்டம். சர்க்கார் ஊழியர் டியூட்டி நேரத்தில் தேர்தல் வேலை பார்க்கக்கூடாது. வேட்பாளர் பேட்ஜ் குத்தக்கூடாது. மீறினால் வேலையே போகலாம். அபராதமும் உண்டு.

டிரம்ப் தேர்தல் கோஷம் எழுதிய சிவப்புத் தொப்பி இந்தச் சட்டத்தில் மாட்டும் என்று, அதைக் கண்காணிக்கும் ஆபீஸ் 2018-ல் சொன்னது. அவர் அடுத்த தேர்தலுக்கும் வேட்பாளர் என்பதால். 2025 ஏப்ரலில் அதே ஆபீஸ், தேர்தல் முடிந்துவிட்டதால் அது இப்போது அந்தச் சட்டப்படி குற்றம் ஆகாது என்றது.

சட்டம் ஊழியருக்குத்தான், நோயாளிக்கு இல்லை. கட்டிலில் படுத்திருப்பவர் எந்தத் தொப்பி போட்டாலும் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. ஊசி போடவரும் நர்சுதான் கவனமாக இருக்கவேண்டும்.

வேட்பாளரோடு சேர்ந்து எடுத்த போட்டோவை ஊழியர் தன் மேஜையில் வைக்கலாமா என்ற கேள்விக்கும் விதியில் பதில் இருக்கிறது. கல்யாணம் மாதிரிச் சொந்த விசேஷத்தில் எடுத்த படமாக இருக்கவேண்டும். தேர்தல் சீசனுக்கு முன்பே மேஜைக்கு வந்திருக்கவேண்டும். படத்தில் அந்த ஊழியரும் நிற்கவேண்டும்.