நாய்க்குக் காயும் கனியும்

வீட்டார் உணவு அருந்தும் வேளையில் வாயிற்படியிற் படுத்திருக்கும் நாய், கையையும் வாயையும் மாறிமாறிப் பார்ப்பது எங்கும் காணும் காட்சியாகும். அப்பார்வைக்கு இரங்கி ஒரு வடைத் துண்டையோ, ஒரு பிஸ்கோத்தையோ எறியாத கை அரிது. வடையில் வெங்காயமும் எண்ணெயும் உண்டு. பிஸ்கோத்திற் சீனியும் கொழுப்பும் உண்டு. இவற்றுக்குப் பதிலாகக் காயையும் கனியையும் கொடுக்கலாகாதா? நாய் ஊனுண்ணி அன்றோ, அதற்குக் காய்கறி எவ்வாறு செரிக்கும் என்று ஐயுறுவோர் பலர்.

நாயின் மூதாதை ஓநாய் என்பது உண்மையே. ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, அவன் உண்டு எஞ்சியதை உண்டு பழகியமையால் நாயின் உடலும் மாற்றமடைந்தது. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியம் அமிலேசு எனப்படும். அதனை ஆக்கும் பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகளாக மட்டுமே இருக்க, நாயில் 4 முதல் 30 வரை காணப்படுகின்றது என்று 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. எனினும், மனிதனின் உமிழ்நீரைப் போன்று நாயின் உமிழ்நீரில் அந்நொதியம் இல்லை. சதையியே அதனைச் சுரக்கின்றது. மேலும், நாய் உணவை நன்கு மெல்லாது விழுங்குவது. ஆகவே, காய்கறியைச் சிறிதாக நறுக்கியோ, உப்பின்றி அவித்தோ கொடுப்பதே பொருத்தம்.

இவற்றால் விளையும் நன்மை யாது? உயிர்ச்சத்து ‘சி’யை நாயின் ஈரல் தானே ஆக்கிக்கொள்வதால், அதன்பொருட்டுத் தோடம்பழம் ஊட்டவேண்டியதில்லை. காய்கறியின் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. அதில் நீரும் நார்ப்பொருளும் மிகுதி, கலோரி குறைவு. மிகை உணவால் உடல் பருத்த நாய்க்கு மூட்டுநோயும் மூச்சிளைப்பும் எளிதில் வந்து சேரும். முறையான உணவுக்குப் புறம்பாகக் கொடுக்கும் தின்பண்டம், நாளொன்றுக்குரிய கலோரியிற் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மிருக வைத்தியர் கூறும் விதி. 10 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி போதுமெனக் கொண்டால், தின்பண்டத்தின் பங்கு 60 கலோரியே. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 100 கலோரி உண்டு. அதிற் பாதியே அன்றைய பங்கை ஏறத்தாழ நிரப்பிவிடும். 100 கிராம் கரட்டிலோ 40 கலோரியளவும், அதே எடையுள்ள வெள்ளரிக்காயில் 15 கலோரியளவுமே உள்ளன. அவித்த பூசணியும் போஞ்சியும் இவ்வகையில் நல்லன. வத்தகப்பழத்தை விதை நீக்கியும், பப்பாசியைத் தோலும் விதையும் நீக்கியும், அப்பிளை நடுவிதைகளை அகற்றியும் சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். கறுத்தகொழும்பான் மாம்பழத்தின் சதை தீங்கற்றது. ஆனால், சூப்பிய கொட்டையை நாய் முன் எறிதல் கூடாது. அது தொண்டையிற் சிக்கலாம். குடலை அடைத்துச் சத்திரசிகிச்சை வரை கொண்டுசெல்லவும் கூடும்.

இனி, விலக்க வேண்டியவற்றை அறிதல் இன்றியமையாதது. கனி என்பதனால் எல்லாக் கனியும் நாய்க்கு ஏற்றதன்று. கொடிமுந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யலாம். சில நாய்கள் நிறையத் தின்றும் தப்புகின்றன. சில சிறிதளவு தின்றும் மடிகின்றன. ஆதலால், தீங்கற்ற அளவு இதுவென்று வரையறுக்க இயலாது. யாழ்ப்பாணத்திற் பந்தலின் கீழ் உதிர்ந்த பழங்களைக் கூட்டி அகற்றாது, நாயை அங்கே உலவவிடுவது ஆபத்தாகும். இந்நஞ்சுக்குக் காரணம் தாத்தாரிக்கமிலமாகலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர் 2021 இல் எடுத்துரைத்தனர். அவ்வமிலம் நம் சமையலறைப் புளியிலும் மிகுதியாக உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கேடு நேர்ந்தமை பின்னர் பதிவாகியுள்ளது.

வெங்காயமும் உள்ளியும் வேறு வகையில் தீங்கு செய்வன. அவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயம் இக்கேட்டை விளைக்கப் போதுமானது. சிறிது சிறிதாகப் பலநாள் கொடுப்பதும் தீதே. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. எஞ்சிய குழம்பைச் சோற்றிற் பிசைந்து நாய்க்கு வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டியது இதனாலேயே. குழம்பு சேர்க்கு முன்னரே, வெறுஞ்சோற்றில் ஒரு பங்கை நாய்க்கென எடுத்துவைத்தல் எளிய வழி.

முந்திரிகை தின்ற நாய் வாந்தியெடுத்துச் சோர்ந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், வெங்காயம் தின்ற நாயின் முரசு வெளிறிச் சிறுநீர் கருஞ்சிவப்பானாலும் கைமருந்து செய்து காலம் கடத்தலாகாது. வெங்காயத்தின் அறிகுறி சில நாள் கழித்தே தோன்றுவதும் உண்டு. ஆகவே, தின்றதை அறிந்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திராது, மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும்.

நாய் கொடுப்பதை நம்பித் தின்கிறது. இது நன்று, இது தீது என்று தெரிந்து விலக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அத்தெரிவைச் செய்யும் கடமை ஊட்டுபவருடையது. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக ஒரு துண்டு கரட்டை நீட்டினாலும் அதன் வால் அதே மகிழ்வுடன் ஆடும்.