வைன் மென்பொருளைப் புதுப்பித்தபின் நேரும் கோளாறுகள்

லினக்ஸ் இயங்குதளமுள்ள கணினியில், விண்டோஸுக்கென எழுதப்பெற்ற செயலிகளை இயங்கச் செய்வது வைன் என்னும் மென்பொருளாகும். செயலி விடுக்கும் அழைப்புகளை லினக்ஸ் அறிந்த அழைப்புகளாக அவ்வப்போதே மாற்றித் தருவது இதன் பணி. 1993-இல் தொடங்கிய இம்முயற்சியின் 1.0 பதிப்பு 2008-இல்தான் வெளிவந்தது என்பதிலிருந்து வேலையின் கடுமை விளங்கும். மதிப்பெண் பதிவு, அளவைக் கணக்கு முதலியவற்றுக்கான பழைய செயலி ஒன்று விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்குமாயின், பள்ளியிலும் கள அலுவலகத்திலும் வைனை நாடவேண்டியிருக்கிறது.

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் அச்செயலி திறவாமற் போவதுண்டு. பயனரின் இல்லக் கோப்புறையில் மறைந்துள்ள 'வைன்' கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குமாறு அப்போது பலர் கூறுவர். இது ஆபத்தான யோசனை. செயலிக்கு 'சி' வட்டாகத் தோன்றுவது அக்கோப்புறையினுள்தான் இருக்கிறது. தான் நிறுவப்பட்ட இடத்திலேயே தரவுகளை எழுதிவைக்கும் செயலியாயின், பல்லாண்டுப் பதிவுகள் அதனுடன் அழியும். 'ஆவணங்கள்' பகுதியிற் சேமித்தவை பெரும்பாலும் தப்பும். அது வழக்கமாக லினக்ஸின் ஆவணக் கோப்புறைக்கு இட்ட தொடுப்பேயாகும்.

ஆகையால், புதுப்பிக்குமுன் அக்கோப்புறை முழுவதையும் பிரதி செய்தல் வேண்டும். பென் டிரைவில் நேரே பிரதி செய்தல் போதாது. அவற்றுட் பலவற்றிலுள்ள 'ஃபேட்' கோப்பமைப்பு இத்தகைய தொடுப்புகளை ஏற்பதில்லை. 'டார்' கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டி, அக்கட்டையே பிரதி செய்யலாம்.

இனி, கோளாறு வைனிலா, அக்கோப்புறையிலா என்று காணவேண்டும். 'வைன்பிரிஃபிக்ஸ்' என்னும் சூழல் மாறியில் வேறொரு பெயரைக் கொடுத்தால், வைன் அப்பெயரில் புதிய கோப்புறை அமைத்துக்கொள்ளும், பழையது தீண்டப்படாது. வைனுடன் வரும் நோட்பேட் புதியதில் திறந்து, பழையதில் திறவாதாயின், குறை பழைய கோப்புறையில் உள்ளது. 'வைன்பூட்' கட்டளையைப் புதுப்பிக்கும் குறிப்புடன் அதன்மீது இயக்கினால் பலமுறை சீராகிவிடும்.

இரண்டிலும் திறவாதாயின் குறை நிறுவலில் உள்ளது. ஊழியர் மிகுதியும் இடர்ப்படுவது இங்கேதான். உபுண்டு தன் அடுத்த பதிப்புக்கு மாறும்போது, வெளியார் களஞ்சியங்களை முடக்கிவிடுகிறது. வைன் திட்டத்தாரின் களஞ்சியமும் அவற்றுள் ஒன்று. அதனைப் புதிய பதிப்பின் பெயருக்கு மாற்றி மீண்டும் இயக்குதல் வேண்டும். மற்றொரு காரணமும் உண்டு. பழைய செயலிகள் பல 32 பிட் வகையின. வைன் நிறுவல்கள் பலவற்றில், அவற்றுக்கென 64 பிட் கணினியிலும் 32 பிட் நூலகங்கள் வேண்டும். டெபியன் வழிவந்த இயங்குதளங்களில், ஒரே நூலகத்தின் இவ்விரு வடிவங்களும் பதிப்பெண்ணில் சிறிதும் வேறுபடலாகாது. வேறெங்கிருந்தோ 64 பிட் வடிவம் மட்டும் புதிதாக வந்து அமர்ந்திருந்தால், 'சார்புகள் நிறைவேறவில்லை' என்னும் செய்தியுடன் நிறுவல் நின்றுவிடும். அந்நூலகத்தை இயங்குதளத்தின் சொந்தப் பதிப்புக்குத் தாழ்த்தினால் தடை நீங்கும். சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே.

பழைய வைன் பதிப்புக்குத் திரும்ப எண்ணுவோர், முன்னர்க் கட்டிவைத்த கோப்புறையையே விரித்துப் பயன்படுத்துக. புதிய பதிப்பு மாற்றியமைத்த கோப்புறை பழையதில் ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்நிலையிலும் வைனை நிர்வாகி உரிமையுடன் இயக்கலாகாது. அவ்வாறு இயக்கினால் கோப்புகளின் உரிமை நிர்வாகியின் பெயருக்கு மாறி, பயனர் தம் பதிவுகளைத் தாமே திருத்த இயலாதவராவர்.