மென்பொருள் கட்டமைப்பில் விருப்பங்களின் சார்புநிலை: தமிழ் எழுத்து வடிவமைப்பை முன்வைத்து

முன்னுரை

மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும்போது எந்தெந்தக் கூறுகள் அதில் இடம்பெற வேண்டும் என்பதைக் கட்டமைப்பு விருப்பங்கள் முடிவு செய்கின்றன. ஒரு விருப்பம் மற்றொன்றைச் சார்ந்திருப்பது இயல்பு. அச்சார்பு முறையாகக் கையாளப்படாவிடில், மென்பொருள் பிழையின்றி உருவாகியும் தமிழைப் பிழையாகக் காட்டக்கூடும். படங்களில் எழுத்துப் பொறிக்கப் பயன்படும் பைத்தான் நூலகமான பில்லோவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

தமிழ் எழுத்தின் தேவை

'அந்தியூர்' என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் 5. யூனிகோடு குறியீடுகள் 9. 'யூ' என்பதில் மெய்யும் உயிர்க்குறியும் இணைந்து ஒரே கூட்டுவடிவமாக வேண்டும். 'கோவை' என்பதில் வகரத்திற்குப் பின் சேமிக்கப்படும் ஐகாரக்குறி, காட்சியில் அதற்கு முன் வர வேண்டும். இப்பணிகளை ஹார்ஃப்பஸ் நூலகம் செய்கிறது. அது இணையாதபோது குறிகள் சேமித்த வரிசையிலேயே தோன்றும்.

சார்பின் வகைகள்

லினக்ஸ் கருனியில் 2002 முதல் வழங்கிவரும் கேகான்ஃபிக் மொழி மூவகை உறவுகளைத் தருகிறது. 'டிபெண்ட்ஸ் ஆன்' என்பது நிபந்தனை. அது நிறைவேறாதவரை விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. 'செலக்ட்' என்பது கட்டாயம். தேர்ந்தெடுக்கப்படும் கூறின் சொந்தச் சார்புகள் நிறைவேறினவா எனப் பாராமலே அதனை இயக்கிவிடும். ஆகவே, தனக்கெனச் சார்பற்ற கூறுகளுக்கே அது உகந்தது. 'இம்ப்ளை' என்பது பரிந்துரை. பயனர் அதனை மறுக்கலாம்.

பில்லோவின் சார்புச் சங்கிலி

பில்லோவில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு ராக்கம் நூலகத்தின் வழியே கிடைக்கிறது. ராக்கம், ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி ஆகிய மூன்றையும் சார்ந்தது. ஃப்ரிபிடி, வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்குரியது. இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழுக்கு அதன் பணி தேவையில்லை. எனினும் அது இல்லையெனில் ராக்கம் முழுவதும் செயலிழக்க, தமிழும் உடன் பாதிக்கப்படுகிறது. அந்நிலையில் பில்லோ இயல்பாகவே அடிப்படை வடிவமைப்புக்கு மாறிவிடுகிறது. நிரல் நிற்பதில்லை, ஊர்ப்பெயர் மட்டும் சிதைகிறது.

இதற்குக் காரணம், 'கிடைத்தால் சேர்' என்னும் தானியங்கு நிலையாகும். ராக்கம் விருப்பத்தைக் 'கட்டாயம்' என அறிவித்தால், உரிய நூலகம் கிடைக்காதபோது உருவாக்கமே நின்றுவிடும். குறை தொடக்கத்திலேயே வெளிப்படும். ஆனால் 8.2.0 பதிப்பு முதல், முன்கூட்டியே உருவாக்கித் தரப்படும் பொதிகள் ஃப்ரிபிடியை இயங்குநேரத்திலேயே தேடுகின்றன. எனவே உருவாக்கச் சோதனையோடு இயங்குநேரச் சோதனையும் இன்றியமையாதது.

சுழற்சிச் சார்பு

ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் ஆகியவை ஒன்றையொன்று விருப்பமாகச் சார்ந்தவை. இச்சுழலை அவிழ்க்க, முதலில் ஹார்ஃப்பஸ் இன்றி ஃப்ரீடைப்பையும், அதனைக் கொண்டு ஹார்ஃப்பஸையும், பின்னர் மீண்டும் ஃப்ரீடைப்பையும் உருவாக்குவது வழக்கம். சார்பு கட்டாயமாக அல்லாமல் விருப்பமாக இருப்பதாலேயே இவ்வழி இயல்கிறது.

முடிவுரை

தமிழ்ப் பயன்பாட்டிற்கான மென்பொருளில் எழுத்து வடிவமைப்பைத் தானியங்கு நிலையில் விடாமல் கட்டாயமாக்குதல் வேண்டும். உருவாக்கத்தின் இறுதியில் 'கோவை', 'அந்தியூர்' போன்ற சொற்களைப் படமாக்கி ஒப்பிடும் சோதனையைச் சேர்த்தலும் பயன்தரும். நிரல் இயங்குகிறது என்பது மட்டுமே தமிழ் சரியாகத் தெரிகிறது என்பதற்குச் சான்றாகாது.