அஃறிணை இல்லாத ஆசிரமம்

திருவண்ணாமலை ஸ்ரீ ரமணாசிரமத்துக்குச் செல்லும் அன்பர்கள் பகவானின் சந்நிதியை வலம் வந்த பின்னர், வளாகத்தினுள் அமைந்துள்ள சில சிறிய சமாதிகளின் முன்பும் நின்று கைகூப்புவதுண்டு. லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், இவற்றுடன் ஒரு காகம். இந்த நால்வரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

"நால்வர்" என்பது இலக்கணப் பிழையன்றோ என்று தமிழறிந்தோர் கேட்கலாம். விலங்கும் பறவையும் அஃறிணை என்பதே நாம் பள்ளியில் கற்ற பாடம். ஆனால் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷியின் பேச்சில் அந்தப் பிரிவு இருந்ததில்லை. எந்தப் பிராணியையும் 'அது' என்று அவர் சுட்டுவது வழக்கமில்லை. 'அவன்', 'அவள்' என்றே கூறுவார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால், அந்தப் பையன்கள் ஆசிரமத்து நாய்கள் என்பதை அருகில் இருப்போர் அறிவார்கள்.

இது வெறும் செல்லப் பேச்சன்று. உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், அடுத்து இரந்து வந்தோருக்கும், அதன் பின்னரே அடியவர்களுக்கும் பரிமாற வேண்டும் என்பது அங்கு நிலவிய ஒழுங்கு. வாய் திறந்து கேட்க இயலாதவனின் பசியே முதற்பசி என்பது அதன் உட்பொருள்.

பகவான் மலைமீது ஸ்கந்தாசிரமத்தில் வசித்த காலத்தில் கமலா என்ற நாய் இருந்தாள். புதிதாக வருவோருக்கு இடங்களைக் காட்டிவா என்று பணித்தால், அவர்களை அழைத்துச் சென்று மலையிலுள்ள மூர்த்திகளையும் தீர்த்தங்களையும் காட்டித் திரும்ப அழைத்து வருவாள். அன்பு செலுத்தியதோடு நில்லாமல், பொறுப்பையும் கொடுத்து அவளை வளர்த்தனர்.

மலைவாசத்தின்போது நிகழ்ந்த துயரம் ஒன்றையும் பகவானே கூறியிருக்கிறார். தொண்டர் ஒருவர் இளம் நாய்க்குட்டி ஒன்றைக் கடுஞ்சொல்லால் கடிந்துகொண்டார். அது நேரே சங்க தீர்த்தத்துக்கு ஓடிற்று. சிறிது நேரத்தில் அதன் உடல் நீரில் மிதந்தது. பிராணிகளுக்கும் அறிவும் மானமும் உண்டு, அவர்களிடம் கடுமை காட்டலாகாது என்று அங்கிருந்த அனைவருக்கும் அன்றே அறிவுறுத்தப்பட்டது.

லட்சுமியின் வரலாறு பலரும் அறிந்தது. 1926ஆம் ஆண்டு குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர், தாய்ப் பசுவையும் இளங்கன்றையும் காணிக்கையாகச் சமர்ப்பித்தார். பராமரிக்க ஆளின்றி, சில மாதங்களில் இருவரும் ஊருக்குள் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஆயினும் ஒருமுறை பகவானைத் தரிசிக்க அழைத்து வரப்பட்ட அந்தக் கன்று வழியை மனத்தில் இருத்திக்கொண்டது. அதன் பிறகு நாள்தோறும் தானே நடந்து வந்து, பகவானின் அருகில் இருந்துவிட்டு, மாலையில் திரும்பியது. பின்னர் ஆசிரமமே அவளுக்குப் பிறந்தகமாயிற்று. அவளும் அவள் வழிவந்தவர்களும் பெருகினர், கோசாலை எழுந்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை. முதுமையால் தளர்ந்து கிடந்த லட்சுமியின் அருகில் பகவான் சென்று அமர்ந்தார். அவள் தலையைத் தம் மடிமீது ஏந்தித் தடவிக்கொடுத்தார். தாயே என விளித்து, தாம் உடனிருக்க வேண்டுமா என்று பரிவுடன் கேட்டார். முன்பு தம்மைப் பெற்ற அன்னையின் இறுதிவேளையில் செய்தது போலவே, அவள் தலைமீதும் மார்பின்மீதும் கைவைத்திருந்தார். அன்று முற்பகலில் லட்சுமி அமைதியாக அடங்கினாள். அவள் முக்தி எய்திய நாளைக் குறித்து பகவான் தாமே ஒரு வெண்பா இயற்றியருளினார்.

இன்று பல இல்லங்களில் குழந்தையின் ஆசைக்காக நாய்க்குட்டி வாங்கப்படுகிறது. குட்டியாக இருக்கும்வரை கொஞ்சலுக்குக் குறைவில்லை. நோயோ முதுமையோ வந்தால், அல்லது வீடு மாற நேர்ந்தால், அது தெருவில் விடப்படுவதையும் காண்கிறோம். அதைக் கண்டு வளரும் குழந்தை என்ன கற்கும்? பயன் தீர்ந்தவரை விலக்கலாம் என்றல்லவா கற்கும்? வீட்டிலுள்ள முதியோர் இதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் என்று சொல்வது எளிது. காலத்தில் உணவிடுவதும், சுடுசொல் கூறாதிருப்பதும், இறுதிவரை உடனிருப்பதும் அச்சொல்லுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். இதனைப் பேரக்குழந்தைகளுக்கு உபதேசிக்க வேண்டியதில்லை. உணவுக்கு அமருமுன் தாத்தாவோ பாட்டியோ, "அவன் சாப்பிட்டானா?" என்று ஒருமுறை வாசற்பக்கம் நோக்கிக் கேட்டால் போதும், மறுநாள் அதே கேள்வியைக் குழந்தை கேட்கும்.