அம்மியை ஏன் கொத்தினார்கள்?

"அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்னும் குரல் நம் தெருக்களில் ஒலித்து நெடுங்காலமாயிற்று. உளியும் சுத்தியலும் அடங்கிய பையொன்றைத் தோளில் தொங்கவிட்டு வந்த அந்தத் தொழிலாளியை, ஐம்பது வயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்ணையோரம் அமர்ந்து, கல்லின் முகமெங்கும் சிறுசிறு குழிகளாகக் கொத்திவிட்டுப் போவார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த சிறுவருக்கோ அது விளங்காத புதிர். அரைக்க அரைக்க அம்மி வழவழப்பாகிறது, பார்வைக்கும் அழகாகிறது. அழகாகிவிட்ட கல்லைக் காசு கொடுத்துச் சொரசொரப்பாக்குவானேன்? விடை நம் பாட்டிமார் அனைவரும் அறிந்ததே. வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் மசியாது. குழவிக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும்.

பாட்டிமார் இவ்வாறு காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இயற்பியலார் 'உராய்வு' எனப் பெயரிட்டுள்ளனர். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பொருள்களுள் ஒன்று மற்றொன்றின்மேல் நகர முற்படும்போது, அந்நகர்வைத் தடுத்து நிற்கும் விசையே உராய்வு. தடுப்பது அதன் தொழில் ஆகையால், அதைப் பகையாகவே பள்ளிப்பாடத்தில் படித்தோம். ஆனால் ஒரேயொரு நாள் அது தன் வேலையை நிறுத்திவிட்டதென்று வைத்துக்கொள்வோம். படுக்கையிலிருந்து எழுந்து ஓரடி எடுத்துவைக்க இயலாது. நடப்பது என்பது தரையைக் காலால் பின்னோக்கித் தள்ளுவதே. தரை நம் பாதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் உடல் முன்னே செல்கிறது. இட்ட முடிச்சுகள் எல்லாம் தாமே அவிழும். சுவரில் அடித்த ஆணி நழுவி விழும். ஆணியை மரத்தில் பிடித்து வைத்திருப்பது பசையன்று, அதை நெருக்கி நிற்கும் மர நார்களின் உராய்வே. எழுதுகோல் காகிதத்தில் வழுக்கும். காகிதமோ மேசையில் வழுக்கும்.

ஆடையும் நம் உடலில் நில்லாது. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பருத்தி இழை ஒன்றன் நீளம் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். நம் விரல் நீளம்கூட இல்லாத இவ்விழைகளிலிருந்துதான் பல நூறு மீட்டர் நீளமுள்ள நூல் பிறக்கிறது. ஓர் இழையின் முனையை அடுத்த இழையோடு ஒட்டுவாரும் இல்லை, முடிவாரும் இல்லை. பஞ்சை நீட்டி முறுக்குகிறார்கள், அவ்வளவே. முறுக்கப்பட்ட இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கம் மிக மிக உராய்வும் மிகுகிறது. இதில் வியப்புக்குரியது யாதெனில், நூலைப் பிடித்து இழுத்தால் அந்த இழுப்பே இழைகளை மேலும் இறுக்கிவிடுகிறது. பிரிக்க வந்த விசை பிணைக்கும் விசையாகிறது. முப்புரிக் கயிற்றின் உறுதியைப் பற்றிச் சபை உரையாளர் நூல் பேசுகிறதல்லவா? அவ்வுறுதியும் இவ்வகையினதே. பலிபீடத்தின்மேல் விரிக்கும் வெண்துகில் முதல் நாம் இடுப்பில் கட்டும் வேட்டி வரை அனைத்தும் குட்டையான இழைகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் மட்டுமே துணியாக இருக்கின்றன.

இவ்விசையை முதலில் முறையாக அளந்து பார்த்தவர் லியோனார்டோ டா வின்சி. 'இறுதி இராவுணவு' ஓவியத்தை வரைந்த அதே மனிதர்தாம். 1493-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறு குறிப்பேடு ஒன்றில் உராய்வின் விதிகளை எழுதிவைத்தார், வெளியிடவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்து, இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமோன்தோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதே விதிகளைத் தாமே கண்டறிந்து, 1699-ல் பாரிசு அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். எடை கூடினால் உராய்வும் அதே வீதத்தில் கூடும் என்றார். அதை எவரும் ஏற்பர். ஆனால், தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு மாறாது என்றும் கூறினார். கழகத்தாருக்கு இது நம்பத்தக்கதாகப் படவில்லை. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஒரே விசைதானா? ஆம், ஏறத்தாழ ஒன்றேதான். வேண்டுமானால் ஒரு செங்கல்லில் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள்.

காரணம் விளங்க மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பௌடன், டேபர் என்னும் இருவர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத் தெளிவாக்கினர். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணிய அளவில் மேடுபள்ளமானது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேட்டு முனைகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. சுவிட்சர்லாந்து நாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆஸ்திரியாவின்மேல் வைப்பதற்கு இதைப் பௌடன் ஒப்பிட்டார். நாம் தொடுவதாக எண்ணும் பரப்பில் மிகச் சிறு பங்கே மெய்யாகத் தொடுகிறது. எடை கூடும்போது முனைகள் நசுங்கி அப்பங்கு வளர்கிறது. அமோன்தோனை வியப்போடு பார்த்த கழகத்தாருக்கு இதுவே விடை.

உராய்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. அசையாதிருக்கும் பொருளைக் கிளப்பும்போது அது காட்டும் எதிர்ப்பு, நகரத் தொடங்கியபின் காட்டும் எதிர்ப்பைவிட மிகுதி. திருவிழாத் தேரின் வடம் பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. முதல் அசைவுக்குத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து இழுக்கவேண்டும். அசைந்துவிட்டாலோ நிறுத்துவது பெரும்பாடு. அங்கேதான் முட்டுக்கட்டை போடுவோர் வருகின்றனர். உருண்டுவரும் சக்கரத்தின் முன் குனிந்து, உரிய நொடியில் கட்டையைச் செருகி, மரத்துக்கும் தரைக்கும் இடையே எழும் உராய்வினாலேயே தேரைத் திருப்புகின்றனர், நிறுத்துகின்றனர். இத்துணை ஆபத்தான, இத்துணை நுட்பமான பணியின் பெயரை, நல்ல காரியத்தைக் கெடுப்பவனுக்கு வசைச்சொல்லாக்கிவிட்டோம். "எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். முட்டுக்கட்டை இல்லாத தேரின்முன் நின்று பார்த்தால் அப்படிச் சொல்லத் துணியமாட்டோம்.

படகைக் கரையில் கட்டும் மீனவர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றுவதும் இவ்வகையினதே. ஆய்லர் என்னும் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்றுண்டு. கயிற்றுக்கும் கம்பத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 எனக் கொண்டால், ஒருமுறை சுற்றிய கயிற்றின் முனையைப் பிடித்திருப்பவர் தம் வலிமையைப் போல் ஆறரை மடங்கு இழுப்பைத் தாங்குவார். இருமுறை சுற்றினால் 43 மடங்கு. மும்முறை சுற்றினால் 280 மடங்குக்கும் மேல். ஒரு சிறுவன் ஒரு பெரும் படகைப் பிடித்து நிறுத்தலாம்.

தீயும் உராய்வின் பிள்ளையே. தீக்குச்சியின் தலையை நாம் பெட்டியின் பக்கத்தில் உரசுகிறோம். அவ்வெப்பத்தில் பெட்டியில் பூசிய செம்பாஸ்பரமும் குச்சித் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் வினைபுரிந்து பற்றிக்கொள்கின்றன. உரசினால் பற்றும் குச்சியை 1827-ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் வாக்கர் என்னும் ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர். பாஸ்கா திருவிழிப்பில் கோயிலுக்கு வெளியே நாம் மந்திரிக்கும் புதுத்தீயை, பழைய திருவழிபாட்டு ஒழுங்கின்படி கல்லைத் தட்டியே எழுப்பவேண்டும். இன்று தீப்பெட்டி போதுமெனக் கொள்கிறோம். அதிலும் உரசல் இல்லாமல் தீ இல்லை.

இவ்வளவு சொன்னபின், உராய்வினால் நேரும் இழப்பை மறைத்துவிடலாகாது. உலகில் மனிதர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போய்விடுகிறதென, பின்லாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த இரு ஆய்வாளர் 2017-ல் கணக்கிட்டனர். கதவின் கீலுக்கு எண்ணெய், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய், மோட்டாருக்குக் கிரீஸ் என நாம் இடுவதெல்லாம் இவ்விழப்பைக் குறைக்கவே. இவ்வகையில் படைத்தவரின் கைவண்ணத்தை நம் முழங்காலிலேயே காணலாம். அங்குள்ள குருத்தெலும்பும் அதனிடையே ஊறும் நீர்மமும் சேர்ந்து, பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி வழுக்குவதினும் மெல்லிய உராய்வோடு மூட்டை இயங்கச் செய்கின்றன. ஆனால் அதே காலின் உள்ளங்கால் தோலைத் தடவிப் பாருங்கள்; வரிவரியாக, பற்றுவதற்கென்றே அமைந்திருக்கிறது. மூட்டில் வழவழப்பு, உள்ளங்காலில் சொரசொரப்பு. இடம் மாறினால் மனிதன் நிற்க இயலாது.

'உரசல்' என்னும் சொல்லை நம்மவர் குடும்பத்துக்கும் ஆள்கின்றனர். திருமணத் தயாரிப்புக்கு வருகிறவர்களில் சிலர், "எங்களுக்குள் எந்த உரசலும் இல்லை சாமி" என்று பெருமையோடு சொல்வதுண்டு. பேச்சே இல்லாத வீட்டிலும் உரசல் இல்லைதான். இரண்டு பேர் ஒரு வீட்டில் மெய்யாகவே சேர்ந்து வாழத் தொடங்கினால், ஒருவர் வழக்கம் மற்றவர் வழக்கத்தோடு உரசும். இரும்பு இரும்பைத் தீட்டுவதை மனித உறவுக்கு உவமையாக்கிய நீதிமொழிகள் நூல் இதை அறிந்தே பேசியது. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்வேன். குடித்துவிட்டு மனைவியை அடிப்பதற்கும், வரதட்சணை கேட்டு வதைப்பதற்கும் 'குடும்பத்தில் உள்ள உரசல்தானே' என்று பெயரிட்டு, அந்தப் பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்கள் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். அது உரசல் அன்று, கொடுமை. அதற்குத் துணைபோகும் அறிவுரையை நான் என்றும் ஏற்றதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். அவ்வீடுகளில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களிடம், என்ன நேர்ந்ததென்று கேட்டால், திரும்பத் திரும்ப ஒரே விடை வருகிறது: "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் சாமி." இடுப்பெலும்பு முறிந்தபின் எழுந்து நடந்தவரும் உண்டு; எழாமலேயே நோயில் பூசுதல் பெற்றுப் போனவரும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. தற்செயற் காயங்களால் நேரும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே.

முன்பு நம் வீடுகளில் சாணம் மெழுகிய தரையோ, சிமென்டுத் தரையோ, செங்காவித் தரையோ இருந்தது. இன்று மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால், முதல் வேலையாக முகம் தெரியும் பளபளப்பான டைல்ஸ் பதிக்கிறோம். அதுவும் கூடத்தோடு நில்லாமல் குளியலறை வரை. காய்ந்திருக்கும்போது அத்தரை அவ்வளவாக வழுக்குவதில்லை; ஆகவே எவரும் ஐயுறுவதில்லை. சோப்பு நீர் பட்டவுடன் காலுக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் விரிகிறது. கால் தரையைத் தொடுவதே இல்லை, நீரின்மேல் மிதக்கிறது. சொரசொரப்பான தரையில் மேட்டு முனைகள் அப்படலத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தைப் பற்றுகின்றன. எங்கள் பங்குப் பேரவையிலும், கோயில் முற்றத்துக்கு மெருகேற்றிய கல் பதிக்க வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. அழகாக இருக்கும் என்றனர். மழை நாளில் அதன்மேல் நடந்து வரப்போகிற பாட்டிமாரின் வயதைக் கேட்டேன், பேச்சு நின்றது. எருசலேமுக்கு மலைப்பாதையில் ஏறிச் சென்ற பயணிகள், கால் இடறாமல் காக்கும்படி திருப்பாடல்களில் வேண்டினர். நாமோ இடறுவதற்கு வேண்டிய தரையை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

சாலையிலும் கதை இதுவே. டயரில் உள்ள பள்ளங்கள் சாலையைப் பற்றுவதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். காய்ந்த சாலையில் வழவழப்பான டயரும் நன்கு பற்றும். பந்தயக் கார்களுக்கு அத்தகைய டயரே மாட்டுகின்றனர். பள்ளங்கள் இருப்பது மழைநீர் ஒதுங்கி ஓடுவதற்காக. அவை தேய்ந்துபோனால் நீர் ஒதுங்க வழியில்லாமல் சக்கரம் அதன்மேல் சறுக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, தடையை அழுத்தியபின் காய்ந்த நல்ல சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கக்கூடும். ஈரச் சாலையில் அதற்கு 35 மீட்டர் தேவைப்படலாம். கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை, முன்னே ஒரு குழந்தை எனத் திருப்பலிக்கு வரும் மோட்டார் சைக்கிள்களின் டயரைப் பார்த்தால் சில வேளை மனம் பதைக்கிறது. நீண்ட கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழையே மிகவும் ஆபத்தானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து குழம்பாகி நிற்கும்.

மழைக்காலம் தொடங்குமுன் இரண்டு காரியங்களைப் பார்த்துவிடுங்கள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அம்மேட்டோடு மட்டமாகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். குளியலறையில் முதியவர் கை எட்டும் உயரத்தில் சுவரோடு ஒரு கம்பியைப் பொருத்துங்கள். புதிதாகத் தரை போடுவோர், கடையில் 'ஆன்டி ஸ்கிட்' என்று கேட்டால் வழுக்காத டைல்ஸ் எடுத்துக் காட்டுவார்கள். கோயில் வாசல்களில் கயிற்று மிதியடி விரிக்கும் பொறுப்பை மரியாயின் சேனையார் ஏற்றிருக்கின்றனர். ஞாயிறு முதல் திருப்பலிக்கு நனைந்து வருவோர், அதில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வரட்டும்.