மலையின் நாடி

2023 நவம்பர் 12. அன்று தீபாவளி. உத்தராகண்ட் மாநிலத்தில் சில்க்யாரா என்று ஓர் ஊர். அங்கே மலையைக் குடைந்து, சாலைக்காகச் சுரங்கப் பாதை அமைத்துக் கொண்டிருந்தார்கள். அதன் நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர்.

அதிகாலை நேரம். திடீரென்று பாதையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வெளியே வரும் வழி அடைபட்டது. 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக் கொண்டார்கள். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா போன்ற பல மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அவர்கள்.

குழாய் வழியாக அவர்களுக்குக் காற்றும் உணவும் அனுப்பினார்கள். இடிபாட்டைத் துளைத்த பெரிய இயந்திரம் நடுவிலேயே உடைந்து போனது. கடைசிச் சில மீட்டர் தூரத்தை மீட்க வந்த தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள். நவம்பர் 28 அன்று, 17ஆம் நாள், 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். நாடே மகிழ்ந்தது.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இடிந்து விழும் முன் மலை எதுவும் சொல்லாதா?

பல சமயம் சொல்லும். அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

மலை ஏன் நெருக்குகிறது?

நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மூட்டையை உருவினால் என்ன ஆகும்? மேலே உள்ள பாரம் பக்கத்து மூட்டைகள் மீது இறங்கும். அவை தாங்கினால் அடுக்கு நிற்கும். தாங்காவிட்டால் சரியும்.

மலையும் அப்படித்தான். பாறையைக் குடைந்து எடுத்ததும் மேலே உள்ள பாரம் பக்கங்களுக்குப் போகிறது. சுவர் மெல்ல உள்பக்கம் நகர்கிறது. அதைத் தாங்க இரும்பு வளைவுகள் வைக்கிறார்கள். பாறைக்குள் நீண்ட கம்பிகளைச் செருகுகிறார்கள். சுவரில் கான்கிரீட் பீய்ச்சுகிறார்கள். இமயமலையில் பல இடங்களில் பாறை நொறுங்கிக் கிடக்கிறது. அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

5, 3, 1

சுவர் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுவரில் சிறு குறிகளைப் பதிக்கிறார்கள். கருவியால் நாள்தோறும் அவற்றை அளக்கிறார்கள். எவ்வளவு நகர்ந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஓர் இடத்தில் சுவர் முதல் நாள் 5 மில்லிமீட்டர் நகர்ந்தது. மறுநாள் 3. அதற்கு அடுத்த நாள் 1. நகர்வது குறைந்து வருகிறது. பாறை அமைதி அடைகிறது என்று பொருள்.

இன்னோர் இடத்தில் முதல் நாள் 1. மறுநாள் 3. அடுத்த நாள் 5. நகர்வது கூடி வருகிறது. இது ஆபத்தின் அறிகுறி.

கூட்டிப் பார்த்தால் இரண்டும் 9 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒன்று நல்ல செய்தி, மற்றொன்று எச்சரிக்கை. ஒரு நாள் அளவு மட்டும் போதாது. தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும்.

உணர்ந்து சொல்லும் இழை

சில மீட்டருக்கு ஒரு குறி என்றால், இடையில் நடப்பது எப்படித் தெரியும்? இதற்கு ஒளியிழை உதவுகிறது. இது தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை. இன்டர்நெட் செய்திகளைக் கொண்டு செல்வதும் இதே வகை இழைதான்.

இந்த இழையைச் சுரங்கச் சுவரில் நீளமாகப் பதிக்கிறார்கள். ஒரு முனையில் ஒளியைச் செலுத்துகிறார்கள். இழை நெடுகிலும் கொஞ்சம் ஒளி திரும்பி வருகிறது. சுவர் விரிசல் விட்டால் அங்கே இழை இழுபடும். அங்கிருந்து திரும்பும் ஒளி மாறும். ஒளி திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு இடத்தையும் கண்டுபிடிக்கலாம். ஒரே இழை பல கிலோமீட்டருக்குக் காவல் காக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சூடு பட்டாலும் ஒளி மாறும். மாற்றத்துக்குக் காரணம் விரிசலா, வெயிலா? இதற்காக இரண்டாவது இழை ஒன்றைக் குழாய்க்குள் தளர்வாக வைக்கிறார்கள். அது சூட்டை மட்டும் உணரும். அந்த அளவைக் கழித்தால் சுவரின் உண்மை நிலை தெரியும்.

ஆராய்ச்சி எதற்கு?

இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்து பலர் டாக்டர் பட்டம் பெறுகிறார்கள். இவர்கள் மருந்து தரும் டாக்டர்கள் அல்லர். ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்பவர்கள். இழையை எங்கே பதிப்பது? எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து? ஆய்வுக்கூடத்தில் சிறிய சுரங்கம் செய்து, அதை நெருக்கிப் பார்க்கிறார்கள். பிறகு உண்மையான சுரங்கத்தில் சோதிக்கிறார்கள்.

கட்டி முடித்த பிறகும் இந்தக் காவல் தேவை. இமாச்சலப் பிரதேசத்தில் 2020இல் திறந்த அடல் சுரங்கப் பாதை 9 கிலோமீட்டர் நீளம். கொல்கத்தாவில் 2024 முதல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆண்டுகள் ஆக ஆகக் கான்கிரீட் தேயும். நீர் கசியும். இரும்பு துருப்பிடிக்கும்.

தொழிலாளியின் கண்ணும் கருவிதான்

கருவி இருந்தாலும் உள்ளே வேலை செய்பவரே சில அறிகுறிகளை முதலில் காண்பார்.

புதிய விரிசல் தோன்றும். பழைய விரிசல் அகலும். இரும்பு வளைவு நெளியும். கசியும் நீர் திடீரெனக் கூடும் அல்லது கலங்கும். சிறு கற்கள் உதிரும். பாறைக்குள் வெடிச் சத்தம் கேட்கும்.

இவற்றில் எதைக் கண்டாலும் உடனே விலகி வர வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

கருவி அளவைத்தான் காட்டும். அதைப் படித்து, வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே அழைப்பது மனிதர்தான். அளந்து எழுதிய எண்ணை உரிய நேரத்தில் ஒருவர் படித்தால் பல உயிர்கள் பிழைக்கும்.