நட்சத்திரம் கட்டாத வீட்டிலும் கிறிஸ்துமஸ் உண்டு!

சென்னை, டிச. 24–

கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. சாந்தோம், ராயபுரம், பெரம்பூர், புரசைவாக்கம் என்று நகரில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு நாலு வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. உள்ளே முறுக்கு வேகும் வாசனை. தையல்காரர் வீட்டு வாசலில் சட்டைக்காகக் காத்துக் கிடக்கும் பிள்ளைகள்.

அதே தெருவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருக்கும்.

"இந்த வருஷம் எங்க வீட்ல பண்டிகை இல்லீங்க" என்பார்கள். அவ்வளவுதான். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அந்த வீட்டில் இந்த ஆண்டு ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதிரசம் கிடையாது, அச்சு முறுக்கு கிடையாது. புதுத் துணி கிடையாது. அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் தூக்கு வாளியில் பலகாரம் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் ஏங்கிவிடக் கூடாது அல்லவா?

இது பைபிளில் உள்ள கட்டளை அல்ல. தமிழ்நாட்டு வழக்கம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்துக் குடும்பங்கள் செய்வதைத்தான் கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்கின்றன. மதம் வேறானாலும் துக்கம் காக்கிற முறை ஒன்றுதான். நல்ல வழக்கம்தான். போனவரை ஒரு வருஷமாவது நினைத்திருக்க வேண்டாமா?

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு.

கோவிலும் வேண்டாமா?

பலகாரத்தை விட்டவர்கள் சிலர் கோவிலையும் விட்டு விடுகிறார்கள். பட்டுச் சேலைக்காரர்கள் நடுவே பழைய சேலையோடு போய் நிற்க மனசு வருவதில்லை. "எல்லாரும் ஹேப்பி கிறிஸ்துமஸ்னு கையைப் பிடிப்பாங்க. நான் என்னத்தைச் சொல்ல?" என்று வீட்டிலேயே இருந்து விடுகிற தாய்மார்கள் உண்டு. கணவரை இழந்த பெண்ணும், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனும் 25-ந் தேதி விடியற்காலை மணி அடிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பார்கள்.

பண்டிகை என்றால் கேக், பட்டாசு, புதுச் சட்டை என்று ஆகிவிட்டதால் வந்த வினை இது. கேக்கும் சட்டையும் இல்லை என்றால் கிறிஸ்துமசே இல்லை என்று தோன்றுகிறது.

ஏசு பிறந்த கதையை எடுத்துப் பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது? நிறைமாத கர்ப்பிணி. தங்க இடம் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கிடத்தியது மாட்டுத் தொட்டியில். பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனால், சிமியோன் என்ற கிழவர் அந்தத் தாயைப் பார்த்து, உன் நெஞ்சில் வாள் பாயும் என்கிறார். பிறகு ஏரோது ராஜாவின் ஆட்கள் பெத்லகேமில் 2 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளை எல்லாம் வெட்டிப் போடுகிறார்கள். யோசேப்பு மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிறார்.

வாழ்த்து அட்டையில் இந்தக் கடைசிக் காட்சியை யாரும் அச்சடிப்பதில்லை!

அடுத்த நாளே சாவு

கோவில் காலண்டரை அமைத்த பழைய காலத்துப் பெரியவர்கள் இதை மறைக்கவில்லை. டிசம்பர் 25 பிறப்பு. அதற்கு மறுநாள் 26-ந் தேதி யாருடைய நாள்? கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சியின் நாள். கத்தோலிக்கர் அவரை முடியப்பர் என்பார்கள். மற்ற சபையார் ஸ்தேவான் என்பார்கள். ஆள் ஒருவர்தான். 28-ந் தேதி, ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் நாள். அன்று பூசையில் சாமியார் சிவப்பு அங்கி போடுவார். ரத்தத்தின் நிறம் அது.

குடிலில் பாலன் சொரூபம் அப்படியே இருக்க, அதன் முன்னால்தான் இந்த நாட்களும் நடக்கின்றன. பிள்ளையை இழந்த வீட்டாருக்கு கிறிஸ்துமஸ் வாரத்தில் இடம் இல்லை என்று யார் சொன்னது? அவர்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கடற்கரைக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இல்லை.

2004-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. சாந்தோம் பக்கத்துக் குப்பங்களில் நள்ளிரவு பூசை பார்த்து, மறுநாள் கறிச்சோறு சாப்பிட்டு, பிள்ளைகள் புதுச் சட்டையோடு திரிந்தார்கள். 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை 6½ மணிக்கு சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி குலுங்கியது. சுமார் 9 மணிக்கு சென்னைக் கரையில் கடல் எழும்பியது. "சுனாமி" என்ற வார்த்தையே அன்று பலருக்குத் தெரியாது. "கடல் ஊருக்குள்ள வருது, ஓடுங்க" என்றுதான் கத்தினார்கள்.

சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர். அதில் 6 ஆயிரம் பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமசுக்காக வேளாங்கண்ணி வந்து, கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் எத்தனையோ பேர் திரும்பி ஊர் போகவில்லை.

அன்று முதல் அந்தக் குடும்பங்களுக்கு 25-ம் 26-ம் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஒரு ராத்திரிதான் இடைவெளி. முதல் நாள் பிறப்பு, மறுநாள் திவசம்.

"பண்டிகையே வேண்டாம்" என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க முடியாது. ஆனால் 2005-ம் ஆண்டும் குடில் கட்டினார்கள். வைக்கோல் பரப்பினார்கள். நள்ளிரவில் மணி அடித்ததும் பாலன் சொரூபத்தைக் கொண்டுவந்து அதில் வைத்தார்கள். அழுதுகொண்டேதான் பாடினார்கள். பாடாமல் இருக்கவில்லை.

உடல் கிடைக்காத வீடு

சென்னைக்கு சுனாமி என்றால் குமரி மாவட்டத்துக்கு ஒக்கி. 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி அந்தப் புயல் கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை.

4 வாரம் கூட ஆகவில்லை, கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அந்த ஊர்கள் எல்லாம் கத்தோலிக்க ஊர்கள். வழக்கமாக விளக்கு அலங்காரம் கண்ணைப் பறிக்கும். அந்த ஆண்டு ஆடம்பரம் இல்லை. பூசை மட்டும் நடந்தது. செத்தாரா, இருக்கிறாரா என்று தெரியாத வீட்டில் துக்கமும் காக்க முடியாது, பண்டிகையும் கொண்டாட முடியாது. அதைவிடக் கொடுமை வேறு உண்டா?

அப்படிப்பட்ட வீட்டாருக்கு கேக் எதற்கு? ஆனால் கோவிலில் போய் மண்டியிட ஓர் இடம் வேண்டும். அது இருந்தது.

மேளம் நிற்கும் வாசல்

நகரத்துத் தெருக்களிலும் இந்தப் பக்குவம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டிசம்பர் ராத்திரிகளில் கீத பவனி போகும் கோஷ்டிகளைக் கவனித்தால் தெரியும். வேனில் ஜெனரேட்டர், கிதார், டிரம் எல்லாம் இருக்கும். பஞ்சு தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவார். வீட்டுக்கு வீடு ஒரே கும்மாளம்.

துக்க வீட்டை நெருங்கும்போது கோஷ்டியில் மூத்தவர் ஒருவர் கையைத் தூக்குவார். மேளம் நின்று விடும். தாத்தா முகமூடியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போய் நிற்பார். அந்த வீட்டுக்கு மட்டும் மெதுவாக ஒரு பாட்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடி வரும் கீர்த்தனைகளில் இதற்குத் தோதானவை நிறைய உண்டு. பிறகு ஐயர் ஜெபம் பண்ணுவார். கையில் காபி டம்ளரைக் கொடுக்கும் அந்த வீட்டு அம்மா பெரும்பாலும் அப்போதுதான் உடைந்து அழுவார்.

அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும் கோஷ்டிகளும் உண்டு. "பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வேன் தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

நாளை காலை ஆராதனை முடிந்ததும் பல குடும்பங்கள் நேரே வீட்டுக்குப் போகாது. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும். நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாளன்று இருக்கும் கூட்டம் இருக்காது. ஒரு முழம் பூ, இரண்டு மெழுகுவர்த்தி. புதுச் சட்டை போட்ட பேரப் பிள்ளை, தாத்தா பெயர் எழுதிய கல்லைத் துடைக்கும். "கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லு" என்று பாட்டி சொல்லிக் கொடுப்பார். பிள்ளையும் கல்லைப் பார்த்துச் சொல்லும்.

மறுநாள் 26-ந் தேதி காலையில் பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் மீனவர்கள் கடலில் பால் ஊற்றி, பூத் தூவுவார்கள். இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் அங்கே இல்லை. வேளாங்கண்ணியில் மவுன ஊர்வலமும் பூசையும் நடக்கும்.

கோவில் குடில்களை அன்று யாரும் பிரிக்க மாட்டார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பாலன் வைக்கோல் மேல்தான் இருப்பார்.